பிப்ரவரி இருபத்தேழில் சொன்ன தீர்ப்பு

ஜூன் 15, திங்கள்

வக்கீல் சங்கம் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஆறு மாதமாகப் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு எழுப்பிவிட்டேன். வெளியில் சொல்லக் கூடாத ஒரு விஷயம் வந்திருக்கிறது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் ஒரு சாட்சி கூண்டில் நிற்கும்போது டவாலி இசக்கி வந்து, சென்னையிலிருந்து போன் என்றார். சேம்பருக்குப் போய் எடுத்தேன். உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் பரிசீலிக்கும் மாவட்ட நீதிபதிகளில் என் பெயரும் இருக்கிறதாம். நான் எழுதியவற்றில் நல்ல தீர்ப்புகள் பத்தும், வழக்குகள் முடித்த விவரமும் இந்த மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். திரும்பப் போய் உட்கார்ந்தபோது சாட்சி என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று மறந்தே போனது. இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவை.

ஒரு சிக்கல் உண்டு. பெயரை அனுப்பும் நாளில் ஐம்பத்தெட்டரை வயது தாண்டியிருக்கக் கூடாது. எனக்கு அது அக்டோபர் பதினொன்றில் தாண்டுகிறது. அதற்குள் பெயர் போனால் ஹைகோர்ட். போகாவிட்டால் அறுபதில் ஒரு மாலை, ஒரு பொன்னாடை, யாரும் கேட்காத ஒரு வாழ்த்துரை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அறிமுகம் செய்யாமல் யாரையும் பதிவில் ஏற்றுவது என் வழக்கமில்லை. இவர் என்றால் என் வீட்டுக்காரர் சபாநாயகம், முன்னாள் வக்கீல். பாளையங்கோட்டையில் ஒரே ஆபீசில் ஜூனியராக இருந்தோம். முன்சீப் தேர்வை ஒரே வருடம் எழுதினோம். எழுத்துத் தேர்வில் இரண்டு பேரும் தேறினோம், நேர்முகத்தில் நான் மட்டும். மனைவி நீதிபதியாக இருக்கும் கோர்ட்டில் கணவன் வாதாட முடியாது. மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் என்று நான் மாறிக்கொண்டே இருந்ததில், நாலாவது ஊரில் கறுப்புக் கோட்டை மடித்து வைத்துவிட்டார். மகளை வளர்த்து பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பியது இவர்தான். சொதி வைப்பதில் இவரை அடிக்க ஆளில்லை.

"நல்லது, காந்தி" என்றார். காந்திமதியை அப்படித்தான் சுருக்குவார். பிறகு குக்கரை அணைக்கப் போனார். நான் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

ஜூன் 17, புதன்

கோர்ட் முடிந்ததும் ரெஜினாவை உட்காரவைத்துத் தீர்ப்புகளைப் பொறுக்கினேன். ரெஜினா என் ஸ்டெனோ. முப்பத்தெட்டு வயது, கணவருக்கு உள்ளூரில் வேலை, எட்டாவது படிக்கும் மகள். நான் சொல்லச் சொல்ல சுருக்கெழுத்தில் எடுத்து, மதியத்துக்குள் தட்டச்சு செய்து நீட்டிவிடுவாள். நான் இருமினால்கூட எழுதிக்கொள்வாள் என்று கேலி செய்வேன்.

இந்த வருடத் தீர்ப்புகளை அடுக்கியவள் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து, கவிழ்த்து வைத்தாள்.

"அது என்ன?"

"வரப்புத் தகராறு கேஸ்மா. வேற எடுத்துக்கிடலாம்."

அதுவும் சரிதான். அந்தத் தீர்ப்பு நீளம் அதிகம்.

ஜூன் 21, ஞாயிறு

ஃப்ரிட்ஜ் கதவில் இவர் எழுதி ஒட்டிய சீட்டு: "கத்தரிக்காய் கீழ்த் தட்டில். ஷையை இன்றே சமைக்காவிட்டால் வீணாகும்." மேற்படி என்பதை 'ஷை' என்று சுருக்கும் பழைய கோர்ட் கச்சேரி எழுத்து. எங்கள் சீனியர் ஆபீசோடு ஒழிந்திருக்க வேண்டியது, இவர் கத்தரிக்காயில் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

காலையில் வாசலில் யாரோ ஒரு அம்மா வந்து நின்றாள். இவரே போய்ப் பேசி அனுப்பினார். யார் என்று கேட்டேன். "உன்னையப் பாக்க வரல" என்றார்.

ஜூலை 6, திங்கள்

சென்னை போய் வந்தேன். மூன்று நீதிபதிகள், இருபது நிமிடம். பட்டுப்புடவை வேண்டாம், பருத்தியே உடுத்து என்று மகள் சொன்னது நல்லதாகப் போயிற்று.

ஒருவர் கேட்டார், "தீர்ப்பை முழுக்க எழுதி முடிப்பதற்கு முன் கோர்ட்டில் சொல்லும் பழக்கம் கீழ்க் கோர்ட்டுகளில் பெருகிவிட்டதே, நீங்கள் எப்படி?" நான் கண்ணிமைக்காமல் சொன்னேன், "கையெழுத்துப் போடாத தீர்ப்பை இதுவரை நான் வாசித்ததில்லை." மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்படியேவா சொன்ன?"

"பின்ன எப்படிச் சொல்ல?"

மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தார். ஒருவேளை நேர்முகம் என்றாலே இவருக்குப் பழைய ஞாபகம் வந்துவிடுகிறதோ என்னவோ.

ஜூலை 20, திங்கள்

சீலிட்ட உறை. என் மேல் மொட்டைக் கடுதாசி போயிருக்கிறது. விஜிலென்ஸ் பிரிவு முழு நகலை அனுப்பவில்லை, சாரம் மட்டும். முழு நகல் விளக்கம் கேட்கும்போது வருமாம்.

எல்லாம் பொய். கையெழுத்துப் போடத் தைரியமில்லாதவன் எழுதுவதில் உண்மை என்ன இருக்கும்? என் சர்வீசில் மொட்டைக் கடுதாசியைக் குப்பைக்கூடைக்கு மேல் நான் உயர்த்தியதில்லை.

ஜூலை 21, செவ்வாய்

நேற்று கோபத்தில் எழுதினேன். இன்று நிதானமாக எழுதுகிறேன்.

வரப்புத் தகராறில் சுடலையாண்டி என்ற அறுபத்து மூன்று வயதுக்காரர், பக்கத்து வயல்காரரை மண்வெட்டிக் காம்பால் தலையில் அடித்துக் கொன்றார் என்று வழக்கு. ஐந்து வருடப் பழசு. பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை, நோக்கமில்லாமல் உயிர் போக்கிய குற்றத்துக்கு ஐந்து வருடத் தண்டனை என்று நான் சொன்னபோது தீர்ப்பு தட்டச்சாகியிருக்கவில்லை என்கிறது மனு. பத்து நாள் கழித்து மார்ச் 9-ல்தான் கையெழுத்தானதாம், தேதி மட்டும் பிப்ரவரி 27 என்று போடப்பட்டதாம்.

நடந்தது அதுதான். பழைய வழக்குகளைப் பிப்ரவரிக்குள் முடிக்க உத்தரவு. அந்த மாதக் கணக்கை வைத்துத்தான் பெயர்ப் பட்டியல் பிறக்கும் என்று எல்லா மாவட்ட நீதிபதிக்கும் தெரியும். முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு எழுதாத நீதிபதி யார் இருக்கிறார்கள்? எனக்கு ஒரே ஒரு தடவை.

இது தெரிந்தவர்கள் நானும் ரெஜினாவும்தான்.

ஜூலை 23, வியாழன்

ரெஜினாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன்.

"பிப்ரவரி விஷயத்தை யார்கிட்ட சொன்ன?"

"யார்ட்டயும் சொல்லலம்மா. எம் புருசன்ட்டகூடச் சொல்லல. டைப் அடிச்சது நான்தான, சொன்னா எனக்குந்தானம்மா வினை?"

பதில் கொஞ்சம் அதிகம் தயாராக இருந்தது. முப்பது வருடமாகச் சாட்சிகளைப் பார்க்கிறேன், தடுமாறாமல் சொல்பவர்களை நான் சுலபத்தில் நம்புவதில்லை. மதியம் உத்தரவு போட்டேன். நிர்வாக நலன் கருதி, மாவட்டத்தின் கடைசி மூலையில் இருக்கும் சார்பு நீதிமன்றத்துக்கு மாற்றம். இரண்டு பஸ், எழுபது கிலோமீட்டர்.

இரண்டு வருடமாகக் கூடவே வைத்திருந்தேன். அவள் மகள் பெரியவளானபோது நானே போய் நின்று தாவணி எடுத்துக் கொடுத்தேன்.

இவர் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை செஞ்சிருக்காது" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்." இவருக்கு எல்லோரும் நல்லவர்கள்.

ஜூலை 29, புதன்

புதிதாக வந்த ஸ்டெனோ, "எதிரி தலைமறைவானார்" என்று நான் சொன்னதை "எதிரி தலைவரானார்" என்று அடித்திருக்கிறார். கையெழுத்துப் போடும் முன் பார்த்துவிட்டேன். சிரிப்பும் வரவில்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

மனுவின் முழு நகல் வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

மூன்று பக்கம், கம்ப்யூட்டர் தட்டச்சு. சேம்பரில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். "ஷை நீதிபதி அவர்கள் ஷை வழக்கில் ஷை தேதியில்..." அந்த இடத்தில் நிறுத்தினேன்.

எண்ணிப் பார்த்தேன். பதினோரு ஷை.

ரெஜினா ஒரு பழைய பத்திரத்தில் இந்த எழுத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன ஊர்ப் பேராம்மா?" என்று கேட்டவள். இந்தக் கோர்ட் வளாகத்தில் ஐம்பது வயதுக்குக் கீழ் யாருக்கும் இது தெரியாது. அதற்கு மேல் வயதுள்ளவர்களில் பிப்ரவரி 27 பற்றித் தெரிந்தவர் யாருமில்லை. ஒருவரைத் தவிர. காப்பி குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் நான்தான் சொல்லியிருக்கிறேன். தினமும். இருபத்தொன்பது வருடமாக.

மதியத்துக்கு மேல் இருந்த வழக்குகளை வாய்தா போட்டேன். டிபன் கேரியரைத் திறக்கவில்லை. அதுவும் அவர் கட்டிக் கொடுத்தது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வேலை என்றேன். ரசம் வைத்தார். சாப்பிட்டேன். என்ன செய்வது, பசிக்கிறது.

ஆகஸ்ட் 15, சனி

கோர்ட்டில் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, நேர்மையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தேன். அவர் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மனு நகலைத் துருவலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார்.

"எப்பத் தெரிஞ்சது?"

"ஷைனு எழுதினா தெரியாதா? பதினோரு தடவ."

"ஆமால்ல" என்றார். சிரிக்க வந்து சிரிக்காமல் விட்டது போலிருந்தது. "பழக்கம்."

"எனக்குக் கிடைச்சது உங்களுக்குக் கிடைக்கல. அதானே? இத்தனை வருசம் மனசுக்குள்ள வச்சிக்கிட்டு, அக்டோபருக்கு மூணு மாசம் இருக்கும்போது காலை வாரிவிட்டீங்க."

"அப்படியும் கொஞ்சம் இருக்கலாம், காந்தி. இல்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன்." ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "ஆனா பிச்சம்மாவ நீ பாக்கல. நான்தான் பாத்தேன்."

பிச்சம்மாள் சுடலையாண்டியின் மனைவி. தீர்ப்பு நகல் இருந்தால்தான் ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டு ஜாமீன் கேட்க முடியும். தண்டனை பெற்றவருக்கு அன்றைக்கே நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கோர்ட்டில் நகல் இல்லை என்று அனுப்பினார்கள். இலவச சட்ட உதவி வக்கீல், ஜட்ஜ் அம்மாவையே கேள் என்று கைகழுவிவிட்டார். அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறாள்.

"திங்கக்கிழமையில இருந்து சனிக்கிழமை வரைக்கும் ஆறு நாள் வந்துச்சி. மாத்திரைச் சீட்டக் கொண்டாந்து காட்டும். அவருக்கு நெஞ்சுவலி, உள்ள மாத்திரை சரியாக் குடுக்க மாட்டாங்கன்னு. நான் தினம், நாளைக்கு வாங்கம்மா, நாளைக்கு வாங்கம்மானு சொன்னேன். ஒங்கிட்டயும் சொன்னேன். எழுதிக்கிட்டிருக்கேன்னு சொன்ன. திங்கக்கிழமை காலையில வந்து, ஐயா இனி காப்பி வேண்டாம், நேத்தே போயிட்டாருன்னு சொல்லிட்டுப் போச்சி."

இதை நான் இந்த டைரியில் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். சுடலையாண்டி மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை ஜெயில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் நோயாளி. வெளியில் இருந்தாலும் அதேதான் நடந்திருக்கலாம்.

அதை அவரிடம் சொன்னேன்.

"நடந்திருக்கலாம்" என்றார். "நானும் அதச் சொல்லித்தான் நாலு மாசம் சும்மா இருந்தேன். நீ சென்னையில இருந்து வந்து, கையெழுத்துப் போடாத தீர்ப்ப வாசிச்சதே இல்லைன்னு சிரிச்சிக்கிட்டே சொன்ன பாரு. அன்னைக்குத் தாங்கல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா?"

கோபம்தான் வந்தது. "சரி. எழுதினீங்க. கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கலாம்லா? சபாநாயகம், கணவர்னு போட்டிருந்தா நான் மதிச்சிருப்பேன். ரெஜினாவ எழுபது கிலோமீட்டருக்குத் தூக்கி அடிச்சேன். அப்பவாவது வாயத் திறந்தீங்களா? தெரியும்னு ஒரு வார்த்தை. அதோட சரி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பயந்துட்டேன்" என்றார். "இந்த வயசுல நீ என்னைய விட்டுட்டா நான் எங்க போவேன்?"

அழுதுவிட்டேன். அவர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார், தட்டிவிட்டேன். இருபத்தொன்பது வருடம் ஊர் ஊராக எனக்காகவே வந்தார் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்த முட்டாள் நான். வெளியே எதிரி இருந்தால் பாதுகாப்புக் கேட்கலாம். தினமும் எனக்குச் சோறு போடுகிறவரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்ல?

அறையை விட்டுப் போகும்போது சொன்னார், "மனுல நான் எழுதாத ஒண்ணு இருக்கு. அது என்னன்னு உனக்குத் தெரியும். அத எழுத எனக்கும் மனசு வரல."

அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஆகஸ்ட் 21, வெள்ளி

விளக்கம் அனுப்பிவிட்டேன். மூன்று வரைவு எழுதினேன். முதலாவதில் உண்மை, இரண்டாவதில் பாதி. மூன்றாவது ஒரே பத்தி: "மனுவில் கண்ட குற்றச்சாட்டுகள் முற்றிலும் பொய்யானவை, உள்நோக்கம் கொண்டவை." அதைத்தான் அனுப்பினேன். உள்நோக்கம் என்ற சொல்லை மட்டும் மனதாரப் போட்டேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். என்னைப் பார்க்காமல் நேரே ரெஜினா இருக்கும் கோர்ட்டுக்குப் போனாராம். முடிந்தது கதை. நான் தூக்கி எறிந்தவள் என்னைப் பற்றி என்ன சொல்வாள்? அவள் இடத்தில் நான் இருந்தால் ஒன்று விடாமல் சொல்வேன்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

கத்தரிக்காய், முருங்கைக்காய், கேஸ் சிலிண்டர். எங்களுக்குள் இப்போது இவ்வளவுதான் பேச்சு. சீட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டார், வாயால் சொல்கிறார்.

செப்டம்பர் 5, சனி

ரெஜினா வீட்டுக்கு வந்தாள். கறுத்துப்போய், அலைச்சல் முகத்தில் தெரிந்தது. அவர் காப்பி வைத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"தீர்ப்பு முழுசும் அன்னைக்கே டைப் ஆச்சின்னு எழுதிக் குடுத்துட்டேம்மா" என்றாள். "நோட்டக் கேட்டாங்க. குடுத்துட்டேன்."

ஸ்டெனோவின் சுருக்கெழுத்து நோட்டில் ஒவ்வொரு நாளும் தேதி இருக்கும். அதில் இந்தத் தீர்ப்பு மார்ச் மாதத் தேதிகளில் அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"பழைய நோட்ட எரிச்சிட்டேன். மாத்தல் வந்ததுமே புது நோட்டு ஒண்ணு வாங்கி, ஜனவரியில இருந்து எல்லாத்தையும் திரும்ப எழுதினேன். பஸ்ல போக வர, பதினெட்டு நாளு. பிப்ரவரி இருவத்தஞ்சு, இருவத்தாறு தேதியில இந்தத் தீர்ப்பச் சேத்துட்டேன்."

எனக்குக் கண் கலங்கியது. "எனக்காக இவ்வளவு செஞ்சியா?"

அவள் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "எனக்காகத்தாம்மா. மாட்டினா நீங்க ரிட்டையர் ஆயிருவீங்க. எனக்கு இருவது வருசம் சர்வீஸ் இருக்கு." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "திரும்ப இங்கயே போட்டுத் தருவீங்களாம்மா? பிள்ளை சாயந்தரம் தனியா இருக்கா."

இப்போது மாற்றினால் கூலி கொடுத்தது போலத் தெரியும் என்று விளக்கினேன். பட்டியல் வரட்டும் என்றேன். சரிம்மா என்று எழுந்தாள்.

அவள் போன பிறகு அவர் கேட்டார், "இப்ப நான் கையெழுத்துப் போட்டு எழுதினா?"

"ரெஜினா ஜெயிலுக்குப் போவா. எழுதுங்க."

அவர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஜெயித்தது நான்தான். ஆனாலும் இன்று முழுக்க எனக்கு நிம்மதி இல்லை.

செப்டம்பர் 25, வெள்ளி

மனுவின் மீது மேல் நடவடிக்கை தேவையில்லை என்று முடித்துவிட்டார்கள். "கையொப்பமற்ற மனு" என்பதும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது.

அக்டோபர் 8, வியாழன்

பெயர் போய்விட்டது. மூன்று நாள் மிச்சம்.

பார் அசோசியேஷன் தலைவர் முதல் டவாலி இசக்கி வரை எல்லோரும் வந்து வாழ்த்தினார்கள். அவர் சொதி வைத்திருந்தார். ருசி பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 18, புதன்

ரெஜினாவின் விண்ணப்பம் மேசையில் இருக்கிறது. மகளின் படிப்பு, இரண்டு பஸ், எல்லாம் எழுதியிருக்கிறாள். டெல்லியில் என் நியமனம் இன்னும் முடியாத நிலையில் நான் இதைத் தொடக் கூடாது. எனக்குப் பின் வருபவர் பரிசீலிக்கட்டும் என்று குறிப்பு எழுதி உள்ளே வைத்தேன்.

டிசம்பர் 9, புதன்

நியமன உத்தரவு வந்தது. திங்கட்கிழமை பதவியேற்பு. மகள் போனில் அழுதாள். "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். கொடுத்தேன். "ஆமா, ரொம்பச் சந்தோசம்" என்று அவர் சொல்வது கேட்டது. நல்ல வக்கீலாக வந்திருக்க வேண்டியவர் என்று எல்லோரும் சொல்வார்கள். பொய் சொல்ல வராதவர் என்று நான் சொல்லியிருப்பேன், முன்பு.

டிசம்பர் 13, ஞாயிறு. சென்னை, விருந்தினர் விடுதி

நாளைக் காலை பத்தரைக்குப் பதவியேற்பு. உறுதிமொழியை நான்கு தடவை வாசித்துப் பார்த்தேன். அவர் என் புது அங்கியை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, கடற்கரை வரை நடந்து வருகிறேன் என்று போனார்.

போகும்போது கட்டில் மேல் சில தாள்களை வைத்தார். "வெள்ளிக்கிழமை வந்த தீர்ப்பு. நாளைக்கு முன்னால நீ பாக்கணும்."

தண்டனை பெற்றவர் இறந்துபோனாலும், அவர் பேரில் இருக்கும் பழியை நீக்கக் குடும்பத்தார் அப்பீலைத் தொடர்ந்து நடத்தலாம். பிச்சம்மாள் நடத்தியிருக்கிறாள். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலுக்கு அவள் வந்தது அதற்கான வக்கீலைக் கேட்டுத்தானாம். அவர்தான் ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறார்.

சுடலையாண்டி குற்றமற்றவர். விடுதலை.

பதினேழாவது பத்தியில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஒன்பதாவது சாட்சி. மண்வெட்டிக் காம்பால் அடித்தால் இந்தக் காயம் வராது, எல்லைக்கல் விளிம்பில் தானே விழுந்தால் வரும் என்று குறுக்கு விசாரணையின் கடைசிப் பக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதை எடுத்துக்காட்டிவிட்டு இரண்டு நீதிபதிகளும் மரியாதையாகவே எழுதியிருக்கிறார்கள்: "இந்தச் சாட்சியத்தை விசாரணை நீதிபதி கவனிக்கத் தவறிவிட்டார்."

நாளை நான் போய் உட்காரப் போவது இவர்கள் பக்கத்தில்தான்.

டாக்டரின் சாட்சியத்தைப் பதிவு செய்தது எனக்கு முன் இருந்த நீதிபதி. நான் காகிதத்தில்தான் பார்த்தேன். தண்டனை சொல்வதற்கு முன்பு முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். முழுதாகப் படித்தது, காரணம் எழுத உட்கார்ந்த பிறகு. மார்ச் 4, புதன்கிழமை, மாலை ஐந்து மணி இருக்கும். சொன்ன தீர்ப்பை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஆனால் எழுதாத தீர்ப்பு தீர்ப்பே இல்லை என்று சென்னைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். என் பட்டியல் அதோடு போயிருக்கும். அன்று இரவு சாப்பிடும்போது, ஒன்பதாவது சாட்சி இடிக்கிறது என்று இவரிடம் சொன்னேன். இவர் கையிலிருந்த கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஏதோ பேசினேன்.

கவனிக்கத் தவறவில்லை. டாக்டர் சொன்ன அந்த வரியை நான் வாய்விட்டு வாசித்தேன், ரெஜினா எழுதிக்கொண்டிருந்தாள். பென்சிலை நிறுத்தி நிமிர்ந்து, "அம்மா, இத எப்படிம்மா எழுத?" என்று கேட்டாள். சுடலையாண்டி அப்போது உயிரோடு இருந்தார், இன்னும் நாலு நாள் இருந்தார்.

அதை விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போ என்றேன்.